25 டிகிரியில் அளந்த எண்ணும் ஆத்தூர் வெயிலும்

டி.டி.டி. தண்ணீரில் எவ்வளவு கரையும்?

பள்ளிக்கூடத்து வேதியியல் பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருகிற கேள்வி மாதிரி இருக்கிறது. ஏதாவது ஒரு கையேட்டைத் திறந்தால் பதில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருக்கவும் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், எந்தக் கையேட்டைத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது! 1960-ல் போமன் என்பவரும் அவருடைய சகாக்களும் கதிரியக்கக் கார்பன் சேர்த்த டி.டி.டி.யை வைத்து அளந்தபோது லிட்டருக்கு 1.2 மைக்ரோகிராம் என்று வந்தது. வேறு பல அட்டவணைகளில் 5.5 என்று இருக்கும். அமெரிக்க அரசின் நச்சுப்பொருள் ஆவணத்தில் 25. அதே பொருள், அதே தண்ணீர், அதே 25 டிகிரி செல்சியஸ். ஆனால் இருபது மடங்கு வித்தியாசம்.

இருபது மடங்கு என்றால் எவ்வளவு என்று உறைக்க வேண்டுமானால் இப்படிப் பாருங்கள். சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். வழி கேட்டவரிடம் ஒருவர் 50 என்கிறார், இன்னொருவர் 1000 என்கிறார். இரண்டு பேரும் அச்சடித்த புத்தகத்தைக் காட்டிச் சொல்கிறார்கள். பஸ் ஏறுகிறவர் என்ன செய்வார்?

வேதியியல்காரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சேலம், நாமக்கல் சமவெளியில் டி.டி.டி.யைத் தொடாத வீடு அபூர்வம். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-ல் அதன் ஒழிப்புத் திட்டமும் வந்தபோது ஊர் ஊராகச் சுவரில் அடித்தார்கள். இன்னொரு பக்கம் வயலில் பி.எச்.சி. பவுடர். நெல்லுக்கும் கடலைக்கும் கையாலேயே தூவிய தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விவசாயத்தில் டி.டி.டி. 1989-ல் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997 ஏப்ரல் 1 முதல் முழுத் தடை. நாற்பது வருடத்துக்கு மேல் மண்ணில் போட்டது தடை உத்தரவு வந்த அன்றே கரைந்து போய்விடாது. எவ்வளவு மண்ணிலேயே தங்கியது, எவ்வளவு காற்றில் போனது, எவ்வளவு கிணற்றிலும் பாலிலும் முட்டையிலும் திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி.

நேரடியாக அளந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மேட்டூரிலிருந்து பரமத்தி வேலூர் வரை எத்தனை கிணறு, எத்தனை மாடு, எத்தனை ஏரி! ஒரு மாதிரியைக் குரோமட்டோகிராப்பில் ஏற்றிப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் செலவு. அதனால்தான் மாதிரிக் கணக்கு என்று ஒன்று வந்தது. கனடாவின் டொனால்ட் மெக்கே 1979-லிருந்து வளர்த்த ஃபுகாசிட்டிக் கணக்கு இதில் பிரபலம். ஃபுகாசிட்டி என்றால் ஒரு பொருள் தான் இருக்கும் இடத்தை விட்டுத் தப்பித்துப் போகத் துடிக்கும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரைக் காற்று, நீர், மண், வண்டல் என்று நாலு பெட்டியாகப் பிரித்து, போட்ட மருந்து எந்தப் பெட்டியில் எவ்வளவு போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவது. அழகான கணக்கு. சாதாரணக் கணினியே போதும்.

அதற்குத் தீனியாகக் கேட்பது ஐந்தாறு எண்கள்தான். ஆவியழுத்தம், நீரில் கரைதிறன், காற்றுக்கும் நீருக்கும் இடையே எப்படிப் பிரியும் என்று சொல்லும் ஹென்றி மாறிலி, கொழுப்புக்கும் நீருக்கும் இடையே எப்படிப் பிரியும் என்று சொல்லும் ஆக்டனால்-நீர் பகிர்வு எண், பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் அரை ஆயுள். கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் உள்ளே போடுகிற எண் 50-ஆ 1000-ஆ என்று தெரியாவிட்டால், வெளியே வருவதும் அதே லட்சணத்தில்தான் இருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், வெளியே வருகிற எண்ணில் அந்தச் சந்தேகத்தின் தடயமே இருக்காது. மூன்று தசம ஸ்தானத்தோடு, கட்டம் போட்ட அட்டவணையில், பார்ப்பதற்கு அவ்வளவு உறுதியாக இருக்கும்.

இந்த விஷயத்தைப் போட்டு உடைத்தவர்கள் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் பொன்டோலில்லோ, ராபர்ட் எகன்ஹவுஸ் என்ற இரண்டு பேர். 2001-ல் வந்த அவர்களுடைய அறிக்கையைத் துப்பறியும் கதை போலவே படிக்கலாம். 1944 முதல் 2001 வரை வெளிவந்த சுமார் 700 வெளியீடுகளை எடுத்து, டி.டி.டி.க்கும் அது சிதைந்து உருவாகும் டி.டி.ஈ.க்கும் சொல்லப்பட்ட கரைதிறன், பகிர்வு எண் இரண்டையும் மூலம் வரை தோண்டிப் பார்த்தார்கள். கவனியுங்கள், அவர்கள் எடுத்துக்கொண்டது மூலையில் கிடந்த ஏதோ ஒரு ரசாயனம் இல்லை. உலகத்திலேயே அதிகமாக ஆராயப்பட்ட பூச்சிக்கொல்லிகளில் ஒன்று. அதற்கே மூல அளவீடுகள் நூறு மடங்கு முதல் பத்தாயிரம் மடங்கு வரை ஒன்றுக்கொன்று விலகி நின்றன. ஐம்பது வருடத்தில் அந்த இடைவெளி குறைந்ததாகவும் தெரியவில்லை.

அதைவிடச் சுவாரசியம் எண்கள் பரவிய விதம். ஒருவர் அளக்கிறார். இரண்டாமவர் அதைத் தொகுப்பு நூலில் சேர்க்கிறார். மூன்றாமவர் தொகுப்பிலிருந்து எடுத்து, மூலக் கட்டுரையையே படித்ததுபோல் மேற்கோள் காட்டுகிறார். நாலாமவர் அலகை மாற்றும்போது ஒரு புள்ளி நகர்கிறது. ஐந்தாமவருக்கு இப்போது இரண்டு "தனித்தனி" மதிப்புகள் கிடைத்துவிட்டன, சராசரி எடுக்கிறார்! கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு முனையில் சொன்ன செய்தி மறு முனைக்குப் போய்ச் சேர்வது மாதிரிதான். 1994 முதல் 1997 வரை வந்த தொகுப்புகளில் உண்மையிலேயே மூல அளவீடு என்று சொல்லத்தக்கவை 6 முதல் 26 சதவீதம் மட்டுமே. மற்றதெல்லாம் பிரதியின் பிரதி. சோதனையில் கிடைத்த கரைதிறன் மதிப்புகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் பிழை வரம்பே குறிக்கப்பட்டிருந்தது. பகிர்வு எண்ணில் பத்தில் ஒன்றுக்கு. தரம் பிரித்துப் பார்த்தபோது 95 சதவீதத்துக்கும் மேலான மூலங்கள் மோசம், அல்லது மோசமா நல்லதா என்று சொல்லவே முடியாத நிலை.

அளந்தவர்கள் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை. அளப்பதே அவ்வளவு கடினம். டி.டி.டி. தண்ணீரை வெறுக்கிற பொருள். கரைசலில் இருப்பதைவிடக் கண்ணாடிக் குடுவையின் சுவரில் ஒட்டிக்கொள்வதையே விரும்பும். நீரில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளையும் கரைந்ததாகவே எண்ணிவிட்டால் கரைதிறன் பல மடங்கு ஏறிவிடும். பகிர்வு எண்ணும் அப்படித்தான். ஆக்டனாலையும் நீரையும் ஒரே குடுவையில் ஊற்றிக் குலுக்கினால், ஆக்டனாலின் நுண்துளிகள் நீருக்குள் சிதறிவிடும். நீரில் இருப்பதாகத் தோன்றும் டி.டி.டி. உண்மையில் அந்தத் துளிகளில்தான் இருக்கும். குலுக்காமல் மெதுவாகக் கலக்கும் முறையில் 1989-ல் நெதர்லாந்தில் அளந்தபோது டி.டி.டி.யின் பகிர்வு எண் மடக்கையில் 6.9 என்று வந்தது. பழைய அட்டவணைகளில் 6.2 என்று இருக்கும்.

6.2-க்கும் 6.9-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். மடக்கை செய்கிற மாயம் அது. பிரித்து எழுதினால் ஒன்று சுமார் 16 லட்சம், மற்றது சுமார் 79 லட்சம். ஐந்து மடங்கு. மாட்டுத் தீவனத்திலிருந்து பாலுக்கு எவ்வளவு போகும் என்று கணிக்க 1988-ல் டிராவிஸ், ஆர்ம்ஸ் இருவரும் தந்த சமன்பாடு உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் பாலில் வருகிற அளவு பகிர்வு எண்ணோடு நேர் விகிதத்தில் ஏறும். ஆகவே, அதே மாடு, அதே சோளத்தட்டு, அதே மண்ணாக இருந்தாலும் எடுத்த அட்டவணையைப் பொறுத்துப் பால் வரம்புக்குள் இருக்கலாம், வரம்பை ஐந்து மடங்கு தாண்டவும் செய்யலாம்!

சரி, இதெல்லாம் அளவீட்டின் கதை. சேலத்துக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் உண்டு: வெயில்.

அட்டவணைகளில் இருக்கிற மதிப்புகள் பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரிக்கானவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது ஆய்வகத்தின் வெப்பநிலை. ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ சித்திரை மாதத்து மத்தியானம் 38, 39 சர்வ சாதாரணம். வெறும் செம்மண்ணின் மேல்பரப்பு 50-ஐத் தாண்டும். பி.எச்.சி.யின் முக்கிய மாற்றியமான ஆல்ஃபாவை எடுத்துக்கொண்டால், 25-லிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது ஹென்றி மாறிலி சுமார் மூன்று மடங்கு ஏறுகிறது. ஆவியழுத்தம் நாலைந்து மடங்கு. அந்த ஏற்றத்தைக் கணிக்கிற குணகமே அளந்தவருக்கு அளந்தவர் மாறுகிறது. மூல எண்ணில் ஒரு சந்தேகம், அதை இந்த ஊருக்குக் கொண்டு வருகிற படியில் இன்னொரு சந்தேகம்.

போதாக்குறைக்கு பி.எச்.சி. என்பது ஒரே பொருளும் இல்லை. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று மாற்றியங்களின் கலவை. பூச்சியைக் கொல்வது காமா. அது கலவையில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாது. மீதியெல்லாம் சும்மா கூடவே வந்த சுமை! அந்தச் சுமையில் ஆல்ஃபா எளிதில் ஆவியாகும். பீட்டா அப்படியில்லை; அதன் ஹென்றி மாறிலி ஆல்ஃபாவைவிட ஏறத்தாழ இருபது மடங்கு குறைவு. அது மண்ணிலும் கொழுப்பிலும் தங்குகிற ரகம். "பி.எச்.சி." என்று ஒரே வரியில் ஒரு சராசரி எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்ப்பது, கோழியையும் எருமையையும் சேர்த்துச் சராசரி எடை போடுவது மாதிரி.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சேலம் மாவட்டத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் வழியாகக் கிழக்கே ஓடுகிறது. கொல்லிமலைப் பக்கமிருந்து வரும் சுவேத நதி அதோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில்தான் 1980-களின் கடைசியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து காற்றையும் நீரையும் மண்ணையும் அளந்தார்கள். நெல் பருவத்தில் காற்றில் பி.எச்.சி. ஏறுவதைப் பார்த்தார்கள். வயலில் தாங்களே மருந்தைப் போட்டு, அது எங்கே போகிறது என்றும் பின்தொடர்ந்தார்கள். 1991-ல் வெளிவந்த கணக்கின்படி வெள்ளாற்றுப் படுகையில் போட்டதில் 99.6 சதவீதம் காற்றுக்குப் போனது. ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது வெறும் 0.4.

ஆற்றில் மீனைப் பிடித்துப் பார்த்து "இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும். மண்ணைத் தோண்டிப் பார்த்து "வெப்ப நாட்டில் மருந்து சீக்கிரம் அழிந்துவிடுகிறது" என்று இன்னொருவர் சொல்லியிருந்தாலும் எண்கள் ஒத்துழைத்திருக்கும். ஆனால் அது அழியவில்லை, இடம்தான் மாறியது. காற்றில் ஏறிய ஆல்ஃபா குளிர்ந்த பிரதேசங்களில் போய்ப் படிகிறது; வட துருவக் கடலில் கிடைக்கும் ஆல்ஃபாவுக்கு அந்தக் கடலோரத்தில் வயல்கள் கிடையாது. குளிர்நாட்டு எண்ணை அப்படியே போட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு அந்த 99.6-ல் எவ்வளவு கண்ணில் படும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இதையும் சொல்லிவிட வேண்டும்: பரங்கிப்பேட்டை எண்ணை ஆத்தூருக்கு அப்படியே தூக்கிவருவதும் அதே தப்புதான். அங்கே நீர் நின்ற நெல் வயல். இங்கே பெரும்பாலும் மேட்டாங்காடு. குச்சிக்கிழங்கும் சோளமும் கடலையும் போடுகிற செம்மண். மண்ணில் ஒரு பொருள் எவ்வளவு ஒட்டும் என்பதை, பகிர்வு எண்ணை மண்ணின் கரிமக் கார்பனோடு பெருக்கிக் கண்டுபிடிப்பது வழக்கம். அந்தச் சூத்திரம் பிறந்தது கார்பன் நிறைந்த மண்ணையும் வண்டலையும் வைத்து. அரை சதவீதம் கூடக் கார்பன் இல்லாத காடுகள் நிறைந்த ஊரில் களிமண்ணின் கனிமப் பரப்பும் ஒட்டுகிற வேலையில் பங்கு கேட்க ஆரம்பிக்கும். சூத்திரத்துக்கு அது தெரியாது.

இந்தச் சந்தேகங்கள் யாருக்குப் பயன்படுகின்றன என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

நிலைத்து நிற்கும் கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2004-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006 ஜனவரியில் உறுப்பினரானது. ஒரு ரசாயனத்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்க அதில் சில கோடுகள் உண்டு. மண்ணில் அரை ஆயுள் ஆறு மாதத்துக்கு மேல், நீரில் இரண்டு மாதத்துக்கு மேல், காற்றில் இரண்டு நாளுக்கு மேல், பகிர்வு எண்ணின் மடக்கை 5-க்கு மேல், இப்படி. கோடு போடுவது தவறில்லை, எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எண்டோசல்பான் விவகாரத்தில் என்ன நடந்தது? மண்ணில் அதன் அரை ஆயுளுக்குக் கிடைத்த மதிப்புகள் 28 நாளிலிருந்து 391 நாள் வரை விரிந்து கிடந்தன. ஆறு மாதக் கோடு சரியாக நடுவில்! பகிர்வு எண்ணின் மடக்கை சுமார் 4.7. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. "வெப்ப நாட்டு மண்ணில் சீக்கிரம் மறைந்துவிடுகிறது, நிலைத்து நிற்பதில்லை" என்று ஒரு தரப்பு வருடக்கணக்கில் வாதாடியது. இந்தியப் பிரதிநிதிகளும் அந்தத் தரப்பில்தான் நின்றார்கள். மறைந்தது என்றால் சிதைந்ததா, ஆவியானதா என்ற பரங்கிப்பேட்டைக் கேள்வியை அந்த வாதம் தொடவே இல்லை.

4.7 என்ற எண்ணை வைத்துக்கொண்டு மீனுக்குக் கணக்குப் போட்டால் பெரிதாகச் சேராது என்று வரும். மீன் செவுள் வழியாக நீருக்குள் வெளியேற்றிவிடும். மாட்டுக்கும் மனிதனுக்கும் அந்த வசதி இல்லை. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர்களுக்குப் பார்க்க வேண்டியது ஆக்டனாலுக்கும் காற்றுக்கும் இடையிலான பகிர்வு என்று 2007-ல் கனடா ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். அதாவது எண் தவறு என்பது ஒரு பிரச்சினை. தவறான கேள்விக்குச் சரியான எண்ணைத் தேடுவது அதைவிடப் பெரிய பிரச்சினை. கடைசியில் 2011 ஏப்ரலில் ஜெனிவாவில் எண்டோசல்பான் பட்டியலில் ஏறியது. அடுத்த மாதம் 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியாவில் தடை விதித்தது. அதற்குள் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சுற்றியிருந்த கிராமங்களின் கதை நாடு முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது.

பழைய கதை என்று விடவும் முடியாது. 2025-ல் அதே ஜெனிவாவில் குளோர்பைரிபாஸ் பட்டியலில் சேர்க்கப்பட்டது, சில விதிவிலக்குகளோடு. கடலைக்காட்டுக் கரையானுக்கும் புது வீட்டு அஸ்திவாரத்துக்கும் சேலத்துக் கடைகளில் கேட்டு வாங்குகிற அதே மருந்துதான். அதன் பகிர்வு எண்ணும் 5-க்குச் சற்றுக் கீழும் சற்று மேலுமாக, கோட்டின் மீதே உட்கார்ந்திருக்கிறது.

சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பது நீதிமன்ற வழக்கம். ஒரு ரசாயனத்துக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது? எண் 4.5-க்கும் 5.2-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றால் "5-க்குக் கீழே, ஆகவே பாதுகாப்பு" என்று எழுதுவது பொய் சொல்வதற்குச் சமம். அந்த இடைவெளியில் சாப்பிடுகிறவருக்கு ஆபத்தான முனை எதுவோ, அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மேல் முனையை நம்ப முடியவில்லை என்று தயாரிப்பவர் நினைத்தால் அவர் செலவில் நன்றாக அளந்து இடைவெளியைக் குறைக்கட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோயே வராத நாமக்கல்லில் முட்டை விலை விழுந்து பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். ஒரு பீதிக்கு என்ன விலை என்று அந்த ஊருக்குத் தெரியும். நாளைக்கே யாராவது ஒரு கணினிக் கணக்கை எடுத்துக்கொண்டு, மேல் முனை எண்ணை மட்டும் பொறுக்கிப் போட்டு, "நாமக்கல் முட்டையில் இவ்வளவு டி.டி.ஈ." என்று தலைப்புப் போட்டால் அதுவும் அதே அளவு அயோக்கியத்தனம்தான். கம்பெனிக்காரர் கீழ் முனையைப் பிடித்துக்கொள்வதும் பீதி கிளப்புகிறவர் மேல் முனையைப் பிடித்துக்கொள்வதும் ஒரே வியாபாரத்தின் இரண்டு கடைகள்.

முட்டை விஷயத்தில் ஒரு ஆறுதல் இருக்கிறது. கணக்கே தேவையில்லை, அளந்துவிடலாம். ஒரு முட்டையில் ஐந்து ஆறு கிராம் கொழுப்பு உண்டு. கோழி தின்ற தீவனத்தின், கருவாட்டுத் தூளின், கிளறிய மண்ணின் சுருக்கம் அதில் தேங்கிவிடும். 2005-ல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு பல நாடுகளில் மேய்ச்சல் கோழி முட்டைகளைச் சேகரித்து டையாக்ஸின் பார்த்தபோது இந்தியாவிலிருந்து கேரளத்தின் ஏலூரும் லக்னோவும் அதில் இருந்தன. பாலையும் அப்படி அளந்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1993-ல் வெளியிட்ட ஆய்வில் 12 மாநிலங்களின் 2205 பால் மாதிரிகளில் 82 சதவீதத்தில் டி.டி.டி. இருந்தது. எந்தச் சமன்பாடும் அந்த அளவு தெளிவாகப் பேசாது. அளக்க முடிகிற இடத்தில் அளக்க வேண்டும். அளக்க முடியாத இடத்துக்கு மட்டும்தான் கணக்கு. இங்கே பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கணக்கு மலிவு என்பதால் கணக்கு, அளவீடு செலவு என்பதால் அது வேண்டாம்.

ஆலை ஒன்று வருகிறதென்றால் 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக்கு முன்பு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். அந்தச் சுருக்கத்தில் ஒவ்வொரு கணிப்புக்கும் பக்கத்தில் "குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு" என்று இரண்டு எண் கேட்பது பெரிய கோரிக்கை ஒன்றுமில்லை. "இதற்கு எடுத்த மூல எண் எது, யார் அளந்தது, எத்தனை டிகிரியில்?" என்று ஒரு விவசாயி எழுந்து கேட்டால் மேடையில் இருக்கிற ஆலோசகர் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு வேதியியல் பட்டம் தேவையில்லை. கிணறு ஆழப்படுத்த வந்தவரிடம் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டு, "நூறிலிருந்து முந்நூறு" என்று பதில் வாங்கி, முந்நூறுக்குப் பணம் தயார் செய்து வைக்கிற விவசாயிக்கு வீச்சு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. எம்.எஸ்சி. ஆய்வேடுகளில் பண்புகளுக்கான அட்டவணை எப்படி வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்: முந்தைய வருட ஆய்வேட்டிலிருந்து. பொன்டோலில்லோவும் எகன்ஹவுஸும் கண்ட வியாதி சேலம் விடுதி அறைகளிலும் உண்டு. ஆனால் செலவே இல்லாத ஒரு மருந்தும் உண்டு. ஒரு பொருளின் ஆவியழுத்தம், கரைதிறன், ஹென்றி மாறிலி மூன்றும் தனித்தனி எண்கள் இல்லை. இரண்டு தெரிந்தால் மூன்றாவது வந்துவிட வேண்டும். நீர், காற்று, ஆக்டனால் மூன்றுக்கும் இடையிலான பகிர்வு எண்களும் அப்படியே. ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு எண் பொய். டொரன்டோவில் ஃபிராங்க் வானியாவின் குழு 2004-லும் 2005-லும் பி.எச்.சி. மாற்றியங்களுக்கும் டி.டி.டி. போன்றவற்றுக்கும் இப்படித்தான் பழைய எண்களை எல்லாம் ஒன்றோடொன்று மோதவிட்டு, ஒத்துப்போகிற தொகுதியை, அதன் வெப்பநிலைச் சார்போடு வெளியிட்டது. ஒரு கால்குலேட்டரும் ஒரு சாயங்காலமும் இருந்தால் தன் அட்டவணையில் எது ஒத்துவருகிறது, எது வரவில்லை என்று எந்த மாணவரும் பார்த்துவிடலாம்.

அதை முடித்த பிறகு ஒரு மண் வெப்பமானியை எடுத்துக்கொண்டு, மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆத்தூருக்கு வெளியே அறுவடை முடிந்த ஏதாவது ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில் இறங்கலாம். அட்டவணையின் தலைப்பில் "25 டிகிரி" என்று அச்சடித்திருக்கும் இடத்தில் எழுத வேண்டிய எண் அங்கே கிடைக்கும்.